பிராக்கெட்டுக்குள் இருந்தது

உங்கள் டோக்கன் முப்பத்தொன்றா? அப்படியென்றால் உட்காருங்கள், இப்போதைக்குக் கூப்பிட மாட்டார்கள். இருபத்தாறுதான் உள்ளே போயிருக்கிறது. அந்த இருபத்தாறு என்னோடு வந்தவர்.

சொந்தமெல்லாம் இல்லை. ஒன்றாக வேலை செய்கிறோம். வெள்ளியங்கிரி என்று பேர். குறிச்சிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப், வால்வு பாகங்கள் கடைகிற இடம். அதில் அவர் மெஷின் ஆபரேட்டர். இருந்தார் என்று சொல்ல வேண்டும். மூன்று வாரமாகப் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார். மறுபடி மெஷினுக்குப் போவாரா இல்லையா என்பது அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இப்போது முடிவாகிறது. காதில் ஒன்றை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்பார்களே, அதேதான். காது நன்றாகக் கேட்கிறது என்று ஒரு காகிதம் வேண்டும். முதலாளி கேட்டிருக்கிறார். காகிதம் இருந்தால் மெஷின். இல்லாவிட்டால் ரிட்டயர் ஆகிற வரைக்கும் இன்னும் நாலு வருஷம் அட்டைப்பெட்டிதான்.

நான் ஏன் கூட வந்தேன் என்றால், யாராவது வர வேண்டும் அல்லவா? உள்ளே என்ன சொல்கிறார்கள் என்று அவருக்குக் கேட்காது. நர்ஸ்தான் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்.

இதற்கெல்லாம் நான்தான் காரணம் என்று ஒர்க்‌ஷாப்பில் பேசிக்கொள்கிறார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. நான் போனால் டீ குடிக்கிற இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒவ்வொருவராகப் போகிறார்கள். நான் சண்டைக்காரன் இல்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயசு, இனிமேல் சண்டை போட உடம்பிலும் தெம்பில்லை. நீங்கள் மூன்றாம் மனிதர். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பதினாறு வருஷம் பினாங்கில் இருந்துவிட்டு வந்தவன் நான். அங்கேயும் இதே மாதிரித் தொழிற்சாலைதான், கொஞ்சம் பெரியது. திரும்பி வந்து இந்த வேலையில் சேர்ந்தபோது ஒர்க்‌ஷாப் எப்படி இருந்தது என்கிறீர்கள். பதினொரு மெஷின். ஒவ்வொன்றுக்கும் புரோகிராம் உண்டு. எங்கே போ, எவ்வளவு வேகத்தில் போ, எவ்வளவு ஆழம் வெட்டு என்று வரி வரியாக மெஷினுக்குச் சொல்வது, அதுதான் புரோகிராம். அந்தப் பதினொரு மெஷினுக்கும் சேர்த்து ஒரே ஒரு பென் டிரைவ். மஞ்சள் நூலில் கட்டி ஆணியில் மாட்டியிருப்பார்கள். ஒருத்தர் எடுத்துக்கொண்டு போனால் மற்றவர் காத்திருக்க வேண்டும். ஒருநாள் யாரோ சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், சட்டையோடு அதையும் ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு மறுநாள் கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் அது வேலை செய்தது. அதுதான் ஆச்சரியம்.

நான் சேர்வதற்கு முந்தின வருஷம் ஒரு மெஷினின் பேட்டரி செத்து, உள்ளே இருந்த புரோகிராம் அத்தனையும் மறைந்துவிட்டதாம். திரும்ப அடித்து ஏற்ற பத்தொன்பது நாள் ஆகியிருக்கிறது. முதலாளி அர்த்தநாரி என்னை உட்காரவைத்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

“மருதாசலம், நீங்க வெளிநாட்ல என்னென்னமோ பார்த்திருப்பீங்க. எனக்கு அதெல்லாம் வேண்டாம். இனிமேல் இங்க ஒரு எழுத்து அழியக் கூடாது. அதை மட்டும் பார்த்துக்கங்க.”

பார்த்துக்கொண்டேன். ஐந்து மாசம். கூரையை ஒட்டி நானே ஏணி போட்டு ஏறிக் கேபிள் இழுத்தேன். பதினொரு மெஷினையும் மாடியில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்தேன். அதைச் சர்வர் என்போம். கீழே ஆபரேட்டர் மெஷின் முன்னால் நின்று நம்பரை அடித்தால் போதும், மாடியிலிருந்து புரோகிராம் இறங்கி வரும். வேலை முடிந்ததும் தானாக மேலே ஏறும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து இன்னொரு டிஸ்கில் விழும். அதற்கும் ஒரு பிரதி வெளியே, இணையத்தில். ஒரே புரோகிராம் மூன்று இடத்தில். கட்டடமே எரிந்தாலும் புரோகிராம் இருக்கும். ஏழு நாள் பிரதிகள் கையில் இருக்கும், எட்டாம் நாள் பழையது தானாகப் போகும். பினாங்கிலும் அப்படித்தான். மஞ்சள் நூலை நானே அறுத்துக் குப்பையில் போட்டேன்.

யாராவது கை தட்டினார்களா? ஒருத்தர் கேட்டார், “ஏனுங்க சார், இனி பென் டிரைவ் எடுக்கற சாக்குல வெளிய போய் ஒரு தம் அடிக்க முடியாதுங்களா?” அவ்வளவுதான்.

சரி, வெள்ளியங்கிரி விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் நின்றது ஏழாம் நம்பர் மெஷின். எல்லாவற்றிலும் பழசு. இருபத்திரண்டு வருஷமாக அவரும் அதுவும்தான். அந்த மனிதரோடு எனக்கு முதலிலிருந்தே ஒத்துவரவில்லை. காலையில் “வணக்கம் வெள்ளியங்கிரி” என்பேன். பதில் வராது. இரண்டாம் தடவை சொல்ல எனக்கும் மனசு வராது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். போன் அடித்தால் எடுக்க மாட்டார். மீட்டிங்கில் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார், நான் ஏதோ பொய் சொல்லப்போகிறேன், வரும்போதே பிடித்துவிடலாம் என்பது மாதிரி. திமிர் என்று எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு இவ்வளவு மரியாதை போதும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பீர்கள்.

அந்த ஏழாம் நம்பருக்கு நினைவகம் ரொம்பச் சின்னது. நெட்வொர்க்கில் புரோகிராம் இறக்கும்போதெல்லாம் இடமில்லை என்று அலாரம் அடித்து நின்றுவிடும். பத்து மெஷின் ஒழுங்காக இருக்க, இது ஒன்று மட்டும் தினம் என்னை மாடியிலிருந்து இறங்க வைத்தது. ஏன் என்று பார்க்க அதிலிருந்து நாற்பத்தொரு புரோகிராமையும் மேலே இழுத்துத் திறந்தேன்.

திறந்தால், உள்ளே பாதிக்குப் பாதி கடிதம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புரோகிராமில் பிராக்கெட் போட்டு நடுவில் எதை எழுதினாலும் மெஷின் கண்டுகொள்ளாது, தாண்டிப் போய்விடும். ஆனால் ஓடும்போது திரையில் அந்த வரியும் வந்து போகும். எந்தப் பாகம், என்ன தேதி என்று இரண்டு வரி எழுதத்தான் அந்த வசதி. இவர் என்ன செய்திருக்கிறார்! அந்த மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது, ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான். அந்தப் பெரிய எழுத்தில் தமிழை எழுதி எழுதி வைத்திருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்கு நேரம் பிடித்தது. ‘மெல்லப் போ.’ ‘இங்கே டூல் ஒரு தரம் அழும், பயப்படாதே.’ ‘ரெண்டாம் தரம் அழுதால் நிறுத்து.’ ‘மீட்டர் நாற்பது தாண்டினால் கை பொத்தானில்.’ ‘ஓரம் கையைக் கிழிக்கும், அளவு பார்க்கிற பூங்கோதையிடம் சொல்லிவிட்டுக் கொடு.’ ஓரிடத்தில், ‘இந்தப் புரோகிராம் எழுதினவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தோணும்.’

படித்தபோது சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. பினாங்கில் ஒரு புரோகிராமில் ஒரு எண்ணைத் தொட மூன்று பேர் கையெழுத்து வேண்டும். இங்கே ஆளாளுக்கு உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு சின்ன நிரல் எழுதினேன். நாற்பத்தொரு புரோகிராமிலும் பிராக்கெட் எங்கே இருந்தாலும் அந்த வரி போய்விடும். வெட்டுகிற எண்களை அது தொடாது. அதைப் பத்து தடவை சோதித்தேன், அதில் ஒரு குறையும் யாராலும் சொல்ல முடியாது. ஓட்டினால் பன்னிரண்டு விநாடி. ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று வரிகள் போயின. கம்ப்யூட்டரே எண்ணிச் சொன்னது. சுத்தமானதைச் சர்வரில் பழைய பெயரிலேயே வைத்து, மெஷினுக்கும் இறக்கினேன். அலாரம் நின்றது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை.

மறுநாள் காலையில் வெள்ளியங்கிரி மாடிக்கு வந்தார். அவர் மாடி ஏறி வந்து நான் பார்த்ததில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு என் மேஜைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், பிராக்கெட்டெல்லாம் காணமுங்க.”

“எடுத்தாச்சு வெள்ளியங்கிரி. மெமரி பத்தல. இனி அலாரம் வராது.”

“வராதுங்களா?”

“வராது.”

“அது சரீங்க. பிராக்கெட் எப்பங்க வரும்?”

“அது எதுக்கு இனி? வெட்டறதுக்கு அது தேவையே இல்ல. மெஷின் அதைப் படிக்கறதே இல்ல.”

“மெஷின் படிக்காதுங்க,” என்றார். “நான் படிப்பனுங்க.”

“இருபத்திரண்டு வருஷமா ஓட்டறீங்க. உங்களுக்கு எதுக்கு எழுதி வெச்சுப் படிக்கணும்?”

என் வாயையே பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இதைத்தான் நான் கேட்கிறேன். அப்போதே காரணத்தைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் என்ன மனசைப் படிக்கிறவனா? ஒருத்தர் ஒண்ணுமில்லை என்றால் ஒண்ணுமில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள முடியும்.

பதினெட்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. பத்தொன்பதாவது நாள் மாசத்துக்கு ஒருமுறை வருகிற ஒரு பாகம் ஏறியது. கெட்டியான எஃகு, ஆழமான துளை. நீளமான டூல் உள்ளே போய்ப் போய் வரவேண்டும். அடியில் இரும்புச் சுருள் சிக்கிக்கொண்டால் டூல் கத்தும். கத்தினால் உடனே நிறுத்தி, சுருளை எடுத்துவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். தெரிந்தவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. காதுதான் வேலை.

நான் மாடியில் கண்ணாடி அறைக்குள் இருந்தேன். எனக்கே கேட்டது. முதலில் ஒரு கீச்சல், நின்றது. பிறகு இன்னொன்று. அது நிற்கவில்லை. ஆறேழு விநாடி இருக்கும். யாராவது நிறுத்துங்களேன் என்று எழுந்தே விட்டேன். எட்டாம் நம்பரில் நின்ற சாதிக் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் டூல் ஒடிந்து, ஒடிந்த துண்டு பறந்து கதவுக் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி விரிசல் விட்டு நின்றது. வெள்ளியங்கிரியின் முகத்துக்கு நேர் உயரம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மெஷினின் தலைதான் போயிற்று, கழற்றி வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று.

நான் இறங்கிப் போனபோது அவர் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் எண்கள் மட்டும்தான் இருந்தன. எல்லோரும் அவரைப் பார்த்தோம், அவர் திரையைப் பார்த்தார்.

முதலாளி அறிக்கை கேட்டார். எழுதினேன். ஆங்கிலத்தில்தான், எங்கள் அறிக்கையெல்லாம் ஆங்கிலத்தில்தான். ‘புரோகிராம் சரிபார்க்கப்பட்டது. வெட்டும் எண்கள் எதுவும் மாறவில்லை. சத்தம் எழுந்த பிறகும் ஆபரேட்டர் மெஷினை நிறுத்தவில்லை.’ இதில் எந்த வரி பொய், சொல்லுங்கள்? ஒவ்வொரு வரியும் உண்மை. கீழே வெள்ளியங்கிரியிடமும் கையெழுத்து வாங்கினேன். “என்ன சார் போட்டிருக்கு?” என்றார். “நடந்ததைப் போட்டிருக்கு” என்றேன். தமிழில் நிதானமாக, முழுப் பேரையும் எழுதினார்.

அன்று சாயங்காலம் பூங்கோதை மாடிக்கு வந்தாள். அளவு சரிபார்க்கிற பெண், வாய்த்துடுக்கு. எனக்கு ஆறேழு வயசு சின்னவள், ஆனால் பேசும்போது என்னவோ நான்தான் அவளுக்குக் கீழே வேலை செய்கிற மாதிரிப் பேசுவாள்.

“சார், ரிப்போர்ட்ல என்ன எழுதுனீங்க?”

“ஆபரேட்டர் நிறுத்தலைன்னு எழுதினேன்.”

“எப்படிங்க நிறுத்துவாரு? அவருக்குத்தான் காது கேக்காதே.”

“காது கேக்காதா?” என்றேன்.

“உங்களுக்குத் தெரியாதுங்களா? அட சாமி! கூரை மேல ஏறி அத்தனை கேபிள் இழுத்தீங்க, கீழ நிக்கற மனுசனுக்குக் காது கேக்கலைங்கறது தெரியலையா? இடது காது மொத்தமாப் போயி ஆறு வருசமாச்சு. சோத்துக்கைப் பக்கம் கொஞ்சம் கேக்கும், அதுவும் கத்தோணும். நாங்கெல்லாம் முன்னால போய் நின்னுதான் பேசறோம். நீங்க பின்னால நின்னு வணக்கம் வெச்சுட்டு, பதில் சொல்லலைன்னு மூஞ்சியத் தூக்கிட்டுப் போவீங்க. நாங்க சிரிச்சுக்குவோம்.”

“அப்ப எப்படி இத்தனை நாள் ஓட்டினாரு?”

“பிராக்கெட்டுதாஞ் சார். கேக்கறது கொறையக் கொறைய, எந்த வரியில என்ன சத்தம் வருது, மெஷின் எவ்வளவு திணறுதுன்னு காட்டற மீட்டர் அப்ப எத்தனை காட்டுதுன்னு ஒவ்வொண்ணா எழுதி வெச்சுட்டாரு. வரி வந்தா மீட்டரைப் பார்ப்பாரு. அதுதாஞ் சார் அவரு காது. அதைத்தான் மெமரி பத்தலைன்னு எடுத்துட்டீங்களாமே.”

அவள் போன பிறகு நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நீங்கள் நினைப்பது புரிகிறது, மூன்று இடத்தில் பிரதி இருக்குமே என்று. இருந்தது. மூன்று இடத்திலும் இருந்தது. மூன்றிலும் சுத்தமானதுதான் இருந்தது. ஏழு நாளுக்கு முந்தினது எதுவும் இல்லை, அப்படித்தான் அமைத்திருந்தேன். முதன்முதலில் மேலே இழுத்த நாற்பத்தொன்றின் மேலேயே சுத்தமானது ஏறி உட்கார்ந்துவிட்டது. மெஷினிலும் அதே. இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் என்னென்னவோ மென்பொருள் போட்டுத் தோண்டினேன். நாலு வரி கிடைத்தது. அதில் ஒன்று, ‘மெல்லப் போ.’ எந்தப் புரோகிராமுக்கு என்று தெரியவில்லை.

சும்மா விடவில்லை, கவனியுங்கள். வெள்ளியங்கிரியிடம் போனேன். முன்னால் போய் நின்று, கத்தி, “நீங்க சொல்லுங்க, நான் டைப் அடிக்கறேன், எல்லாத்தையும் திரும்ப ஏத்திடலாம்” என்றேன். அவர் சிரித்தார். கிண்டலாக இல்லை, சும்மா.

“அப்பக் கேட்டுதுங்க சார், கேட்டதை எழுதி வெச்சேன். இப்ப எதைக் கேட்டு எழுதறது?”

“ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க.”

“ஞாபகம் இருந்தா எதுக்குங்க எழுதப்போறேன்?”

அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

ஆனாலும் அவருக்காக ஒன்று செய்தேன். முதலாளி அவர் மேல் ரொம்பக் கோபமாக இருந்தார். இத்தனை வருஷம் ஓட்டினவன் தூங்கிட்டு நின்னானா, குடிச்சிருந்தானா என்றெல்லாம் பேச்சு. எனக்குப் பொறுக்கவில்லை. போய்ச் சொன்னேன், “அப்படியெல்லாம் இல்லீங்க, பாவம், அவருக்குக் காது கேக்காது, அதனாலதான்.” நல்லது நினைத்துத்தான் சொன்னேன். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “காது கேக்காத ஆளையா நான் மெஷின்ல நிக்க வெச்சிருந்தேன்? அந்தக் கண்ணாடி ஒடைஞ்சு முகத்துல அடிச்சிருந்தா அவரு பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?” அவர் சொன்னதும் நியாயம்தான். அன்று மதியமே வெள்ளியங்கிரியைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். காது கேட்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், மெஷினில் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஆறு வருஷமாக முப்பது பேர் மூடி வைத்திருந்ததை நீங்கள் ஒரே நிமிஷத்தில் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள் என்று பூங்கோதை சொல்கிறாள். நான் உதவி செய்யத்தான் போனேன். அது இப்படிப் போய்விட்டது.

பிராக்கெட்டைப் பற்றி முதலாளியிடம் சொன்னேனா என்கிறீர்களா? அன்றைக்கு அந்தப் பேச்சு வரவில்லை. அவரும் கேட்கவில்லை. அறிக்கையும் அதற்குள் ஃபைலில் போய்விட்டது. சொல்லாமல் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நேரம் அமையவில்லை.

சொன்னால் மெஷின் கிடைத்திருக்குமா? ஆறு வருஷம் ஒரு சின்னக் கீறல் இல்லாமல் ஓட்டியிருக்கிறார், பிராக்கெட் போன பிறகுதான் உடைந்தது என்று தெரிந்தால்... முதலாளி கணக்குப் போடத் தெரிந்தவர். யோசித்திருப்பார். மீட்டரோடு ஒரு விளக்கோ எதுவோ வைக்கச் சொல்லியிருப்பார். எனக்கே வைக்கத் தெரியும், அரைநாள் வேலை. நாற்பது தாண்டினால் விளக்கு எரிகிற மாதிரி. நான் யோசித்து வைத்திருக்கிறேன். ஆனால் அதை எடுத்தால் ஏன், எதற்கு, முன்னால் என்ன இருந்தது என்று பேச்சு வரும்.

வெள்ளியங்கிரியிடம் மறைக்கவில்லை, அதை மட்டும் தப்பாக நினைக்காதீர்கள். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்று காலையில் வரும்போதே. அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில். சுந்தராபுரம் தாண்டினதும் ஆரம்பித்தேன். வெள்ளியங்கிரி, அந்த வரிகள் போனதற்கு நான்தான் பொறுப்பு, அறிக்கையில் அதை எழுதவில்லை, அதுவும் என் தப்புதான், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று உக்கடம் வருகிற வரைக்கும் பேசினேன். பஸ்ஸில் நாலு பேர் இருக்கிறார்களே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டுதான். எனக்கு அது லேசான காரியமில்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது என் தோளில் கை வைத்து, “பார்த்து இறங்குங்க சார்” என்றார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

என்ன கேட்டீர்கள்?

எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேனா? பஸ்ஸில் வலதுபுற வரிசை. அவர் ஜன்னல் பக்கம். அப்படியென்றால் நான் அவருக்கு...

இடது பக்கம்.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்குப் புரிகிறது.

இதோ கதவைத் திறக்கிறார்கள். அவர்தான். கையில் காகிதம். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், அவரை இங்கே உட்காரவைக்கிறேன். இல்லை, அந்தப் பக்கம் நீங்கள், நான் இந்தப் பக்கம் வர வேண்டும். வாங்க வெள்ளியங்கிரி. உட்காருங்க. என்ன சொன்னாங்க?

“நீங்கதான் சார் பார்த்துச் சொல்லோணும். இங்கிலீசு. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, நான் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் தலையாட்டுச்சு. கொஞ்சம் சேர்த்தியே அமுக்கிட்டு வந்திருக்கேன்.”

கொடுங்க.

இடது காது, ஒன்றும் இல்லை. வலது, பாதிக்கும் கீழே. சேர்த்து அமுக்கியதெல்லாம் கணக்கில் வரவில்லை, அதையும் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். ‘சத்தத்தை நம்பிச் செய்யும் வேலைக்கு ஏற்றவர் அல்ல.’

“என்ன சார் போட்டிருக்கு?”

நல்லா இல்லீங்க வெள்ளியங்கிரி. இதைக் காட்டினா மெஷின் கிடைக்காது.

“ம்.”

வெள்ளியங்கிரி, இந்தப் பக்கம் பாருங்க. என் வாயைப் பாருங்க. காலையில பஸ்ல ஒண்ணு சொன்னேன், உங்களுக்குக் கேட்டிருக்காது. உங்க பிராக்கெட் போனது என்னாலதான். டூல் ஒடைஞ்சது அதனாலதான். நான் ரிப்போர்ட்ல அதை எழுதலை. கேட்குதா?

“கேக்குதுங்க. எல்லாரும் பார்க்கறாங்க, மெதுவாச் சொல்லுங்க. எனக்குத் தெரியுமுங்க அது. பிராக்கெட் காணாமப் போன அன்னிக்கே தெரியுமே.”

அப்புறம் ஏன் முதலாளிகிட்ட நீங்க சொல்லலை?

“நான் எப்படிங்க சொல்றது? உனக்கு எதுக்குடா பிராக்கெட்டுன்னு கேட்டா, காது கேக்காதுன்னு சொல்லோணுமே. அதை நீங்களே சொல்லிட்டீங்க. இப்ப மிச்சம் இருக்கறதையும் நீங்கதான் சொல்லோணும். எங்கிட்ட எதுக்குங்க சார் வந்து வந்து சொல்றீங்க? எனக்குத்தான் காது கேக்காதே. கேக்கற ஆளுகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

பார்த்தீர்களா. சிரிக்கிறார். நீங்களும் சிரிக்கிறீர்கள்.

இப்போதா? முதலாளி வேலையாக இருப்பார். ஒரு மணிக்குத்தான் சாப்பிட எழுந்திருப்பார். நேரில் போய்ச் சொன்னால் நன்றாக... இல்லை. சரி. போனே அடிக்கிறேன். நேரில் போனால் மாடிப்படியிலேயே வேறு பேச்சு வந்துவிடும், என்னை எனக்குத் தெரியும்.

மணி போகிறது.

ஹலோ, முதலாளி. மருதாசலம் பேசறேனுங்க. ஆமாங்க, ஆஸ்பத்திரியிலதான். ரிப்போர்ட்டுங்களா, வந்திருக்குங்க. கையிலதான் இருக்கு. அதைப் பத்தி அப்புறம் சொல்றேனுங்க. நான் கூப்பிட்டது இந்த ரிப்போர்ட்டுக்கு இல்லீங்க, அன்னிக்கு நான் எழுதிக் கொடுத்தேனே, ஏழாம் நம்பர் மெஷினுக்கு, அந்த ரிப்போர்ட்டுக்கு. அதுல ஒரு வரி விட்டுப்போச்சுங்க.

இல்லீங்க முதலாளி. விட்டுப்போகலை. நான்தான் விட்டுட்டேன்.